மூணு மாசம் கழிச்சு வாங்க

உதடு பிளந்து ஒரு குழந்தை பிறந்தால், பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் பாட்டி முதலில் கேட்பது "எப்போ தைப்பீங்க?" என்றுதான். மருத்துவரின் பதில் அவருக்கு விளங்காது. "உதட்டுக்கு மூணு மாசம் கழிச்சு வாங்க. உள்ளே அண்ணத்துக்கு ஒரு வயசு கிட்ட ஆகட்டும்." கண்ணுக்கு நேராகத் தெரியும் ஒரு குறையை இன்றே சரிசெய்யாமல் எதற்கு மாதக்கணக்கில் தள்ளுகிறார்கள்? ஆஸ்பத்திரியில் இடம் இல்லையா, டாக்டருக்கு மனம் இல்லையா என்று குடும்பம் யோசிக்கத் தொடங்கும். உண்மையில் இந்தச் சிகிச்சையில் மிகக் கவனமாகக் கணக்கிடப்பட்ட பகுதியே அந்தத் தள்ளிப்போடல்தான். கத்தி பிடிக்கும் வேலை இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எந்த மாதத்தில் பிடிப்பது என்பதில்தான் மருத்துவ உலகம் நூறாண்டுகளுக்கு மேலாகத் தகராறு செய்துவருகிறது.

முகம் ஒரே வார்ப்பாக உருவாவதில்லை. நெற்றிப் பக்கத்திலிருந்து ஒரு துண்டு கீழிறங்குகிறது; இரு கன்னங்களின் பக்கமிருந்து இரண்டு துண்டுகள் நடுவை நோக்கி வளர்கின்றன. கரு உருவான 4-வது வாரத்தில் தொடங்கி 7-வது வாரத்துக்குள் இவை ஒட்டி மேலுதடு ஆகின்றன. மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பாருங்கள்: நடுவில் ஒரு சிறு பள்ளம், அதன் இருபுறமும் இரு மெல்லிய மேடுகள். ஏறக்குறைய அந்த மேடுகளின் இடத்தில்தான் துண்டுகள் சந்தித்தன. பிளவு பெரும்பாலும் நட்டநடுவில் விழாமல் இடப்பக்கமோ வலப்பக்கமோ விழுவதற்குக் காரணம் இதுவே. அண்ணத்தின் கதை இன்னும் சுவையானது. அதன் இரு பாதிகளும் முதலில் நாக்கின் இருபுறமும் செங்குத்தாகத் தொங்குகின்றன. நாக்கு தாழ்ந்து வழிவிட்டதும், இரட்டைக் கதவு சாத்தப்படுவது போல இரண்டும் எழுந்து நடுவில் சந்தித்து, முன்னிருந்து பின்னாக ஒட்டிக்கொண்டே போய், 12-வது வாரத்தில் உள்நாக்கு வரை மூடுகின்றன. இந்தச் சந்திப்பு எங்கே தவறுகிறதோ அதைப் பொறுத்து உதட்டில் மட்டும், அண்ணத்தில் மட்டும், அல்லது இரண்டிலும் பிளவு. உலக அளவில் சுமார் 700 பிறப்புகளுக்கு ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

இந்த வாரக் கணக்கைத் தெரிந்துகொண்டால் கிரகணக் குற்றச்சாட்டு தானே உதிர்ந்துவிடும். ஏழாவது மாதத்தில் கிரகணத்தன்று காய் நறுக்கினாள் என்று மருமகளைச் சொல்லும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. உதடு ஒட்டும் வேலை, நாள் தள்ளிப்போய் ஒரு மாதம் ஆகும்போதே முடிந்துவிடுகிறது. பலருக்குக் கர்ப்பம் உறுதியாகும் நேரம் அதுதான். தவிர, சூரியனும் சந்திரனுமாகச் சேர்த்து ஆண்டுக்குக் குறைந்தது நான்கு கிரகணங்கள் உலகில் எங்காவது நிகழ்கின்றன. கிரகணம் குறுக்கிடாத கர்ப்பம் என்று ஒன்றைக் கண்டுபிடிப்பதே கடினம். மெக்சிகோவின் அஸ்டெக் மக்களிடமும் இதே நம்பிக்கை இருந்தது என்பதால், பழியைப் பெண்ணின் தலையில் போடுவது நம் ஊருக்கு மட்டும் சொந்தமான வழக்கமில்லை என்று தெரிகிறது. நிஜக் காரணங்கள் பல நூல்களாகப் பின்னியவை: ஐஆர்எஃப்6 போன்ற சில மரபணுக்கள், சொந்தத்துக்குள் திருமணம், புகை, வலிப்புக்குத் தரப்படும் வால்ப்ரோயேட், டோபிரமேட் போன்ற சில மருந்துகள். பெரும்பாலான குழந்தைகளில் இதுதான் என்று எதையும் சுட்ட முடியாது. ஃபோலிக் அமில மாத்திரை முதுகுத்தண்டுக் குறைபாடுகளைத் தடுப்பது உறுதியாக நிறுவப்பட்டது. பிளவு விஷயத்தில் சான்று அவ்வளவு உறுதியில்லை. ஆனாலும் சாப்பிடவேண்டிய மாத்திரைதான்.

காத்திருக்கும் மாதங்களில் வீட்டாருக்கு ஒரே வேலை. குழந்தையின் எடையை ஏற்றவேண்டும். சொல்வது எளிது. பால் உறிஞ்ச வாய்க்குள் காற்றழுத்தம் குறையவேண்டும். அண்ணம் திறந்திருந்தால் மூக்கு வழியே காற்று உள்ளே வந்துவிடும், அழுத்தம் குறையாது. குழந்தை மார்பில் அரை மணி நேரம் சப்பும், களைத்துத் தூங்கும், வயிற்றில் ஒன்றும் போயிருக்காது. விழுங்குவதில் பெரும்பாலும் சிக்கல் இல்லை, உறிஞ்சுவதில்தான் சிக்கல். ஆகவே தாய்ப்பாலைப் பீய்ச்சி வாய்க்குள் நாமே கொண்டுசேர்த்தால் போதும். இதற்கு வெளிநாடுகளில் தனி ரகப் புட்டிகள் விற்கிறார்கள். நம் வீடுகளில் தலைமுறைகளாக இருக்கும் சங்கும் பாலாடையும் அதே வேலையைக் கச்சிதமாகச் செய்கின்றன, கொதிநீரில் போட்டெடுப்பதும் சுலபம். குழந்தையை ஏறக்குறைய உட்காரவைத்த நிலையில் சாய்த்துப் பிடித்து, பாலைக் கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். காற்றும் சேர்ந்தே உள்ளே போவதால் அடிக்கடி தோளில் போட்டுத் தட்டவேண்டும். மூக்கு வழியே பால் வருவது பார்க்கப் பயமாக இருக்கும், துடைத்துவிட்டுத் தொடரலாம். மூச்சுத் திணறல், உதடு நீலமாவது, ஒவ்வொரு முறையும் புரையேறுவது ஆகியவைதான் உடனே மருத்துவரிடம் ஓடவேண்டிய அறிகுறிகள். ஒருவேளைப் பால் அரை மணிக்கு மேல் நீடித்தால், பாலில் கிடைக்கும் சக்தியைக் குழந்தை குடிக்கும் உழைப்பிலேயே செலவழித்துவிடும்.

சில மையங்களில் இந்த இடைக்காலத்தில் உதட்டின் இருபுறத்தையும் பிளாஸ்திரி ஒட்டி நெருக்குகிறார்கள், அல்லது அண்ணத்தில் ஒரு சிறு தட்டைப் பொருத்தி வாராவாரம் திருத்துகிறார்கள். பிறந்த சில வாரங்களுக்குத் தாயின் ஹார்மோன் குழந்தையின் ரத்தத்தில் மீந்திருப்பதால் மூக்குக் குருத்தெலும்பு நன்றாக வளையும். அந்தச் சாளரம் சீக்கிரம் மூடிவிடும். எனவே அறுவைக்கு மூன்று மாதம் இருக்கிறதே என்று முதல் சந்திப்பையே மூன்று மாதம் தள்ளிவிடக் கூடாது. பிறந்த முதல் வாரத்திலேயே மையத்தில் காட்டிவிடவேண்டும்.

உதட்டு அறுவைக்கு 1960களிலிருந்து ஒரு மனக்கணக்கு உண்டு, 'பத்துகளின் விதி' என்பார்கள். பத்து வாரம், பத்து பவுண்டு எடை, பத்து கிராம் ஹீமோகுளோபின். பத்து பவுண்டு என்பது நான்கரை கிலோ. மயக்க மருந்து பாதுகாப்பானதாக இல்லாத காலத்தில் பிறந்த விதி. இன்று சில இடங்களில் இதைவிட முன்னதாகவும் செய்கிறார்கள். ஆனாலும் அதன் மூன்றாவது பத்து யோசிக்கவைப்பது. கருவில் இருந்தபோது தேவைப்பட்ட வகை ஹீமோகுளோபின் பிறந்தபின் சிதைந்துபோகிறது, புதிய வகை முழு வேகத்தில் உற்பத்தியாக நாளாகும். எல்லாக் குழந்தைகளுக்கும் இரண்டு மூன்று மாதத்தில் ரத்த அளவு இயல்பாகவே ஒரு பள்ளத்தில் இறங்கும். நாம் அறுவைக்குக் குறிக்கும் தேதியும் அந்தப் பள்ளமும் ஒரே நேரத்தில் வருகின்றன. பால் சரியாக ஏறாத குழந்தைக்கு அந்தப் பள்ளம் இன்னும் ஆழம். டாக்டர் இரும்புச் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்துவிட்டு "அடுத்த மாசம் பார்ப்போம்" என்பதன் பின்னணி இது. பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு. ஒரு வயதுக்கு முன் அது வேண்டாம்.

தேதி குறித்தபின்னும் தள்ளிப்போகும். முந்தைய நாள் ஒரு தும்மல், மூக்கில் ஒழுகல், அவ்வளவுதான். சொந்த ஊரிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து இறங்கிய குடும்பத்திடம் மயக்க மருந்து டாக்டர் "சளி இருக்கு, முடியாது" என்றால் கோபம் வராமல் இருக்காது. சளி பிடித்த குழந்தையின் மூச்சுப்பாதை உணர்ச்சி ஏறிக் கிடக்கும்; குழாய் தொட்டதும் குரல்வளை இறுக மூடிக்கொள்ளலாம். சளி வெளியே நின்றுவிட்டாலும் அந்த எரிச்சல் அடங்கச் சில வாரங்கள் பிடிக்கும். அதே வாயில்தான் அறுவையும் நடக்கப்போகிறது என்பதால் அவர்கள் துணிவதில்லை. சளியை மறைத்துச் சொல்லும் பெற்றோரும் உண்டு. அது எவ்வளவு ஆபத்தான பொய் என்பதை யாராவது அவர்களுக்கு முன்கூட்டியே உட்காரவைத்துச் சொல்லவேண்டும்.

வெறும் வயிறு விஷயத்திலும் இதே கண்டிப்பு. பொதுவான கணக்கு இப்படி: தெளிந்த நீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை, தாய்ப்பால் நான்கு மணி நேரம் முன்பு வரை, மாட்டுப்பால், பவுடர் பால், கஞ்சி என்றால் ஆறு மணி நேரம் முன்பு வரை. வயிற்றில் மிச்சம் இருந்தால் மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். அழுகிறானே என்று பாட்டி ஒரு வாய் புகட்டிவிட்டால் அன்றைய அறுவை ரத்து. ஆனால் மறுபக்கமும் உண்டு. பயத்தில் நள்ளிரவிலிருந்தே சொட்டுத் தண்ணீர்கூடத் தராமல் குழந்தையை வாட்டத் தேவையில்லை. கடைசிப் பாலின் நேரத்தைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

மயக்க மருந்து மூளையைப் பாதிக்குமா என்ற கேள்வியைப் படித்த பெற்றோர் கட்டாயம் கேட்கிறார்கள். கைக்குழந்தைகளின் குடலிறக்க அறுவையை வைத்துப் பல நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, முழு மயக்கம் பெற்றவர்களுக்கும் முதுகில் மரத்துப்போகும் ஊசி மட்டும் பெற்றவர்களுக்கும் ஐந்து வயதில் அறிவுத்திறனில் வேறுபாடு இல்லை என்று 2019-இல் முடிவு சொன்னது. அது ஏறக்குறைய ஒரு மணி நேர மயக்கம் மட்டுமே. பிளவு அறுவை அதைவிட நீளும். ஆறுதல்தான், ஆனால் முழு உத்தரவாதம் இல்லை.

உள்ளே நடப்பது என்ன? பிளவில் உதடு காணாமல் போயிருப்பதாக நினைக்கிறோம். பெரும்பாலும் சதை எல்லாம் அங்கேதான் இருக்கும், தவறான இடத்தில். கொரியாவில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ரால்ஃப் மில்லார்ட் 1950களில் வகுத்த முறை இந்தப் பார்வையில் எழுந்தது: மேலேறிக் கிடக்கும் உட்புறத் துண்டைக் கீழே சுழற்றி இறக்குவது, அதனால் உண்டாகும் இடைவெளிக்குள் வெளிப்புறத் துண்டை முன்னகர்த்துவது. உலகெங்கும் இன்றும் இதன் வழித்தோன்றல்களே அதிகம். வாயைச் சுற்றி ஓடும் தசையை வளையமாக இணைப்பதுதான் இதில் உயிர்நாடி. தோலை மட்டும் தைத்தால் குழந்தை சிரிக்கும்போது உதடு கோணும்.

குழந்தை வெளியே வரும்போது பலர் அதிர்ந்துபோவது வேறு ஒன்றைப் பார்த்து. கண் திறந்திருக்கும், கைகால் உதைக்கும், வீறிட்டு அலறும், தாயை அடையாளம் தெரியாதது போலத் திமிறும். மயக்கம் தெளியும் சில நிமிடங்களில் இது நடப்பதுண்டு. வலியால் மட்டும் அல்ல. அரை மணிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். உமிழ்நீரில் ஓரிரு நாள் ரத்தச் சாயல் இருக்கும். புதுச் சிவப்பாக ரத்தம் நிற்காமல் வந்தாலோ, குழந்தை எதையும் குடிக்காமல் சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு இழுத்தாலோ தாமதிக்கக் கூடாது.

நான்காம் நூற்றாண்டுச் சீனாவில் வெய் யோங்ஜி என்ற பதினெட்டு வயது இளைஞனின் பிளவுதட்டை ஒரு மருத்துவர் தைத்ததாக ஜின் வம்ச வரலாறு கூறுகிறது. நிபந்தனை: நூறு நாள் கஞ்சி மட்டும், சிரிக்கவோ பேசவோ கூடாது. அவன் சம்மதித்தான், பிற்காலத்தில் பெரிய அதிகாரியானான். கைக்குழந்தையிடம் இந்த நிபந்தனை செல்லாது. அதனால்தான் முழங்கை மடங்காமல் அட்டை வைத்துக் கட்டும் வழக்கம் வந்தது. வாய்க்குள் விரல் போகாது என்பது எண்ணம். கட்டியதற்கும் கட்டாததற்கும் பலனில் வித்தியாசம் தெரியவில்லை என்று சில ஆய்வுகள் சொன்னபின், அதைக் கைவிட்ட மருத்துவர்களும் இருக்கிறார்கள். தாய்ப்பால் உடனே தரலாமா, சங்குதானா என்பதிலும் மையத்துக்கு மையம் விதி மாறும். பக்கத்துப் படுக்கைக் குழந்தையின் விதியைப் பின்பற்றாமல் தன் மருத்துவரின் விதியைப் பின்பற்றுவதே வழி.

புண் ஆறும் வேகத்தைக் கண் தப்பாக அளக்கும். ஒரு வாரத்தில் தையல் பிரிக்கும்போது வெளியே அழகாக மூடியிருக்கும். உள்ளே பழைய தோலின் பலத்தில் பத்தில் ஒரு பங்குகூட வந்திருக்காது. மூன்று மாதத்தில்தான் எண்பது சதவீதத்தை நெருங்கும். முதலில் அவசரத்துக்கு நெய்யப்பட்ட மெல்லிய கொலாஜன் இழைகளை உடல் மெல்லப் பிரித்துப் பலமான இழைகளால் மாற்றுகிறது. இந்த மராமத்து நடக்கும் ஒன்றரை மாதம் முதல் மூன்று மாதம் வரையில் தழும்பு சிவந்து தடித்து, உதட்டை மேலே இழுக்கும். "முதல்ல நல்லா இருந்துச்சே, இப்ப கெட்டுப்போச்சே" என்று பெற்றோர் பதறி ஓடிவருவது சரியாக அந்த வேளையில்தான். தழும்பை விரலால் அழுத்தித் தேய்ப்பது, வெயில் படாமல் காப்பது, காத்திருப்பது. ஓராண்டில் அது மிருதுவாகி வெளுக்கும்.

இனி அண்ணம். பெரிய வழக்கு இங்கேதான்.

அண்ணத்தின் பின்பகுதி எலும்பில்லாத தசை. பேசும்போது அது மேலெழுந்து தொண்டையின் பின்சுவரைத் தொட்டு, மூக்குப் பாதையை அடைக்கிறது. நன்னூல் மெல்லினத்துக்கு மூக்கையும் வல்லினத்துக்கு நெஞ்சையும் பிறப்பிடமாகச் சொல்லும். அந்த வேறுபாட்டைச் செய்துகாட்டும் உறுப்பு இந்தத் தசைதான். அது மூடினால் வாயில் காற்று தேங்கி 'ப' வெடிக்கும். திறந்தால் அதே உதடுகள் 'ம' சொல்லும். பிளவுள்ள குழந்தைக்கு மூடுவதே முடியாது. 'அப்பா'வும் 'அம்மா'வும் ஏறக்குறைய ஒன்றாக ஒலிக்கும். காற்றைத் தேக்க முடியாத குழந்தை சும்மா இருப்பதில்லை. தொண்டைக்குள்ளேயே காற்றை வெட்டி ஒரு மாற்று ஒலியைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அந்தப் பழக்கம் ஊறிவிட்டால் பிற்பாடு அண்ணத்தை எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் அது போகாது. பேச்சு தொடங்குவதற்கு முன்னரே தைத்துவிடுங்கள் என்கிறது இந்த வாதம்.

1819-இல் பாரிஸில் ஃபிலிபேர் ரூ என்ற மருத்துவர், ஜான் ஸ்டீவன்சன் என்ற கனடிய மருத்துவ மாணவரின் அண்ணத்தைத் தைத்தார். மயக்க மருந்து வர இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. ஸ்டீவன்சன் விழித்தபடியே பொறுத்துக்கொண்டார். மறு ஆண்டு எடின்பரோவில் அதையே ஆய்வேடாக எழுதினார், பின்னர் மெக்கில் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் நிறுவனர்களில் ஒருவரானார். மயக்க மருந்து வந்து, சிறு குழந்தைகளுக்கும் செய்ய முடிந்தபோதுதான் அடுத்த சிக்கல் வெளிப்பட்டது. சீக்கிரம் தைத்த பிள்ளைகள் வளர்ந்தபோது பலருக்கு மேல்தாடை குட்டையாகி முகத்தின் நடுப்பகுதி உள்வாங்கியது. பிளவின் குறையா, கத்தியின் குறையா?

விடைக்கு அறுவையே செய்யாமல் வளர்ந்த பெரியவர்கள் வேண்டும். ஐரோப்பாவில் அப்படி யாரும் மிஞ்சவில்லை. 1980களின் நடுவில் லண்டனைச் சேர்ந்த மைக்கேல் மார்ஸ் குழுவினர் இலங்கையின் காலியில் அவர்களைக் கண்டார்கள். வயதுவந்தும் தைக்கப்படாத பிளவுள்ளவர்களின் தாடையை அளந்தபோது, மேல்தாடை நன்றாகவே முன்னோக்கி வளர்ந்திருந்தது. வளர்ச்சியைத் தடுத்ததில் பெரும் பங்கு தழும்புக்கு என்று ஆனது. ஆனால் அதே மக்களின் பேச்சைக் கேட்ட ஆய்வாளர்கள் மறுபாதியைச் சொன்னார்கள்: பெரியவர்களான பின் அண்ணத்தைத் தைத்தும் பேச்சு பெரும்பாலும் தேறவில்லை. எலும்பு 'பொறு' என்கிறது, நாக்கு 'சீக்கிரம்' என்கிறது. ஒரு வயதுக் கணக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் செய்துகொண்ட சமரசம்.

அந்தச் சமரசமும் அசையாதது அல்ல. ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் அண்ணத்தில் மட்டும் பிளவுள்ள குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆறு மாதத்திலும் மற்றதற்குப் பன்னிரண்டு மாதத்திலும் அறுவை செய்து, ஐந்து வயதில் பேச்சைச் சோதித்த ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. மூக்குப் பாதை சரியாக மூடாதவர்கள் முதல் பிரிவில் 8.9 சதவீதம், இரண்டாவதில் 15 சதவீதம். கவனம்: அவர்கள் வேறு நோயில்லாத, நன்கு எடையேறிய குழந்தைகள். எடை ஏறாத குழந்தையின் தந்தை இந்த எண்ணைக் காட்டி ஆறு மாதத்திலேயே செய்யச் சொல்லக் கூடாது.

அண்ணம் தைத்த முதல் இரவு ஆஸ்பத்திரியில் கண்காணிப்பு அவசியம். அதுவரை அகலத் திறந்திருந்த மூச்சுப்பாதை திடீரெனச் சுருங்கியிருக்கும், வீக்கமும் சேரும், குறட்டை கேட்கும். சில நாளில் தையல் ஓரங்களில் வெள்ளைப் படலம் படியும், வாயில் நாற்றம் வரும். பெரும்பாலும் அது சீழ் இல்லை, புண்ணின் இயல்பான மூடி. சுரண்டக் கூடாது. இரண்டு மூன்று வாரத்துக்கு ராகிக் கூழ், நன்றாக மசித்த சாதம், தயிர் போன்றவை மட்டும். முறுக்கும் பிஸ்கட்டும் வீட்டிலேயே இருக்கக் கூடாது, ஏனென்றால் மூத்த பிள்ளை அன்போடு ஊட்டிவிடும். ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் கொஞ்சம் தண்ணீர். கரண்டி நுனி அண்ணத்தைத் தொடாமல் இருக்கட்டும்.

காதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நடுக்காதுக்கும் தொண்டைக்கும் இடையிலான குழாயைத் திறந்துவிடுவதும் அண்ணத் தசைகளில் ஒன்றுதான். பிளவுள்ள பெரும்பாலான குழந்தைகளின் நடுக்காதில் நீர் கோர்த்திருக்கும். வலிக்காது, அழாது, ஆனால் மந்தமாகவே கேட்கும். தெளிவாகக் கேட்காத குழந்தை தெளிவாகப் பேசாது. கேட்புச் சோதனையைச் சில மாதத்துக்கு ஒருமுறை வற்புறுத்திக் கேட்டு வாங்குவது பெற்றோர் பொறுப்பு.

பேச்சுப் பயிற்சிதான் நம் ஊரின் பலவீனம். இலவச அறுவை கிடைக்கிறது. 1999-இல் தொடங்கிய ஸ்மைல் ட்ரெயின் போன்ற அமைப்புகள் உள்ளூர் ஆஸ்பத்திரிகளுக்கே பணம் கொடுத்துச் செய்கின்றன. 2013-இல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் பிளவையும் பரிசோதனைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மாவட்டத் தலைமையிடத்து ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் விசாரிக்கலாம். ஆனால் வாரம் ஒருமுறை பயிற்சிக்கு நகரத்துக்கு யார் கூட்டிப்போவது? ஒரு நாள் கூலி போய்விடும். திருவண்ணாமலை மாவட்டத்தில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் உள்ளூர்ச் சமூகப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்துக் கிராமத்திலேயே பேச்சுப் பயிற்சி நடத்திப் பார்த்தார்கள். இந்த முயற்சி எல்லா மாவட்டத்துக்கும் பரவியிருக்கவேண்டும் என்பது என் ஆதங்கம். வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு: பொம்மையை வைத்து 'ப', 'த', 'க' ஒலிகளை விளையாட்டாகச் சொல்லிக்காட்டலாம். குழந்தை தொண்டையில் வெட்டிப் பேசும் ஒலியை அழகென்று ரசித்துத் திருப்பிச் சொல்வதை நிறுத்தவேண்டும்.

எட்டு வயதிலிருந்து பதினொன்றுக்குள் ஈறில் விட்டுப்போன இடைவெளிக்கு இடுப்பெலும்பிலிருந்து பஞ்சு போன்ற எலும்பை எடுத்து நிரப்புவார்கள். கோரைப்பல் இறங்கிவர அங்கே எலும்பு தேவை. பல் வரிசையைக் கம்பி கட்டிச் சீராக்குவது அதை ஒட்டி. மேல்தாடை பின்தங்கிவிட்டவர்களுக்கு அதை முன்னே கொண்டுவரும் அறுவை, தாடை வளர்ச்சி நின்ற பிறகு, பெரும்பாலும் பதினேழு பதினெட்டு வயதில். கல்லூரி சேருமுன் மூக்கை நேராக்கிவிடலாமா என்று பிள்ளையே கேட்கும் வயது. தாடை அறுவை தேவைப்படுகிறவர்களுக்கு அங்கேயும் பதில் 'பொறு' என்றே வரும்: தாடையை முன்னே நகர்த்தினால் மூக்கின் அடித்தளமும் சேர்ந்து நகரும், ஆகவே தாடை முதலில், மூக்கு கடைசியில்.